பன்னிரண்டு மில்லிமீட்டர்

இந்த வருஷப் பனிச்சரிவு
கம்பிவடத்தோடு நிற்கவில்லை.
அதைப் பிடித்திருந்த ஏழு போல்ட்டையும்
கடைவாய்ப் பல்போலப் பிடுங்கிப் போய்விட்டது.
ஜூன் முதல் சனிக்கிழமை
பாதை திறந்தாக வேண்டும்.

மிலேனாவின் மலைவிடுதியில்
புளித்த முட்டைக்கோஸ் சூப் ஆறிக்கொண்டிருக்க,
மேசைமேல் இரண்டு கட்சி.

இந்தப் பக்கம் சுத்தியலும் துளையுளியும்,
இரண்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ.
அந்தப் பக்கம் டிரில்,
நாலு கிலோ. பேட்டரிக் கனம் தனி.

"சுத்தியலுக்குச் சார்ஜ் வேண்டாம்" என்றான் அல்யாஷ்.
வேண்டும்,
என் முழங்கையிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்றேன்.
ஒரு துளைக்கு முக்கால் மணி நேரம்:
அடி, கொஞ்சம் திருப்பு, அடி,
கொஞ்சம் திருப்பு.
போன செப்டம்பரில் அப்படி மூன்று போட்டுவிட்டு
ஒரு வாரம் தலை சீவக் கை எழாமல்
தபால் நிலையக் கவுண்டரில்
கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தேன்.

"மலைக்குச் சத்தம் ஆகாது"
என்றார் மூலையிலிருந்து கோராஸ்த்.
மார்ச்சில் மலை போட்ட சத்தத்தில்
அவருடைய தொழுவத்துக் கூரை
ஆற்றுக்கு அக்கரை போய் விழுந்தது.
நான் அதைச் சொல்லவில்லை.
மிலேனா சொன்னாள்.

பேட்டரிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது,
ஐந்து துளையில் படுத்துவிடும் என்றான் அல்யாஷ்.
சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறுவேன் என்றேன்.
முறுக்குவதற்கும் மெஷின் வைத்தால் என்ன என்று கேட்டான்.
போன வருஷம் வைத்தோமே,
கழுத்து முறிந்த போல்ட்
இன்னும் பாறைக்குள் இருக்கிறதே என்றேன்.
இப்படியே பத்தரை மணி.
கடைசியில் இரண்டையும் கட்டினோம்.
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரையும்.

காலையில் முதல் துளை
நாற்பது விநாடி.
கீழே மேகம், முதுகில் கயிறு,
நெஞ்சுக்கு நேரே பாறையில் வட்டமாக ஓர் இருட்டு,
பன்னிரண்டு மில்லிமீட்டர்.
விளிம்புவரை வெள்ளை மாவு.

அதை ஊதி வெளியேற்றாவிட்டால்
போல்ட் மாவைப் பற்றிக்கொண்டு
மலையைப் பற்றியதாக நினைத்துக்கொள்ளும்.
ஒரு மனிதன் சாய்கிற வரைக்கும்
அந்த நினைப்பு தாங்கும்.

"ஊதுகுழல்?" என்றேன்.
அல்யாஷ் தன் பையைப் பார்த்தான்.
என் பையைப் பார்த்தான்.
பிறகு வானத்தைப் பார்த்தான்.

யானையைச் சுமந்து ஏறியிருக்கிறோம்.
அங்குசம் அடுப்படியில்.

தண்ணீர்ப் பையின் குழாயை
சாண் நீளம் அறுத்தேன்.
ஒரு முனை துளைக்குள், மறு முனை உதட்டில்.
கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன்.
மலை திருப்பி என் முகத்தில் ஊதியது.
இமை வெளுத்தது, மீசை இல்லாத எனக்கு
மீசை முளைத்தது.
நாக்கில் சுண்ணாம்பு.
எந்தக் காலத்துக் கடலடியிலோ
சிப்பியாக மூடிக் கிடந்த ஏதோ ஒன்று
என் பல்லிடுக்கில் நறநறத்தது.
துப்பினேன். மறுபடி ஊதினேன்.
நாலு முறை, ஒவ்வொரு துளைக்கும்.

ஸ்பேனரை நான்தான் பிடித்தேன்.
சுற்றும், சுற்றும்,
பிறகு ஓரிடத்தில்
உள்ளே யாரோ கைகுலுக்க ஒப்புக்கொண்டதுபோல் நிற்கும்.
அதற்குமேல் கால் சுற்று. போதும்.

ஆறாவது துளை பாதியில்
டிரில் முனகி நின்றது.
இரண்டாவது பேட்டரி,
என் சட்டைக்குள் வெதுவெதுப்பாக இருந்ததுகூட,
காலிதான்.
அல்யாஷ் ஐந்து என்று சொல்லியிருந்தான்.
ஐந்தரை என்று நான் வாதாடலாம்.
அவன் ஒன்றும் பேசாமல்
சுத்தியலை எடுத்துக்கொண்டு
என்னைத் தாண்டிக் கயிற்றில் நகர்ந்தான்.
அடி, கொஞ்சம் திருப்பு.
அந்த மிச்சத்துக்கும் ஏழாவதற்கும் சேர்த்து
நான் ஒரு ரொட்டி, இரண்டு ஆப்பிள்,
ஒரு குட்டித் தூக்கம் முடித்தேன்.
நடுவில் கூப்பிட்டு எழுப்பினான்,
ஊதுவதற்கு மட்டும்.

இறங்கி வந்தபோது அந்தி.
மிலேனா கதவைத் திறந்து
எங்கள் வெள்ளை முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.
அவள் பின்னால் கணப்பு
என்றைக்கும் இல்லாமல் கொழுந்துவிட்டு எரிந்தது.

"மேசையில் ஒரு ரப்பர் ஊதுகுழலை
விட்டுப் போயிருந்தீர்கள்" என்றாள்.
"இவ்வளவு நல்ல சாமான்
உங்களுக்கு எதற்கு?"